மேடை அங்கே, பாட்டு எங்கே?

“எட்டு வருடம் காத்திருந்து, எனக்குப் பிடித்த பாடகரின் கச்சேரிக்கு ஒருவழியாக டிக்கெட் எடுத்துவிட்டேன். கையிலிருந்த காசுக்குக் கடைசிப் பகுதிதான் கிடைத்தது. மேடையிலிருந்து 120 மீட்டராம். அங்கே பாட்டு கேட்குமா, எதிரொலிதான் கேட்குமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

பாட்டுதான் கேட்கும். இடம் பார்த்து நின்றால் முன்வரிசையைவிடத் தெளிவாகவே கேட்கலாம்.

30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 120 மீட்டரைக் கடக்க 0.34 விநாடி. சாதாரண ஸ்பீக்கர் என்றால் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். மேடையின் இருபுறமும் வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்குகிறதே, அந்த லைன் அரே ஸ்பீக்கர்களில் ஓரளவு தூரம் வரை 3 டெசிபல்தான் குறையும். ஆனாலும் ச, ஷ போன்ற உயர் அதிர்வெண் ஒலிகளைக் காற்றே தின்றுவிடுகிறது. தூரத்தில் மெட்டு கேட்கும், வார்த்தை புரியாது. அதற்காகத்தான் மைதானத்தின் நடுவே, உதாரணமாக 70 மீட்டரில், இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் நிற்கிறது. பெயர் டிலே டவர்.

அந்தக் கோபுரத்தை அப்படியே இணைத்துவிட்டால் கூத்துதான். கேபிளில் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேரும். மேடை ஸ்பீக்கரின் ஒலி அதே 70 மீட்டரை நடந்து வர 200 மில்லிவிநாடி, அதாவது 0.2 விநாடி, ஆகும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். எனவே கோபுரத்துக்குப் போகும் சிக்னலை 200 மில்லிவிநாடி பிடித்துவைத்து விட வேண்டும். 1973 ஜூலையில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் க்ளென் திறந்தவெளிக் கச்சேரிக்குச் சுமார் 6 லட்சம் பேர் வந்தபோது, அப்போது புதிதாயிருந்த டிஜிட்டல் டிலே கருவிகளை வைத்து இதைச் செய்தார்கள்: 200 அடிக்கு 0.175 விநாடி. வகுத்துப் பாருங்கள், ஒலியின் வேகம் வந்து நிற்கும்.

ஆனால் அனுபவமுள்ள சவுண்ட் எஞ்சினியர் 200-இல் நிறுத்த மாட்டார். 215 வைப்பார். வேண்டுமென்றே 15 மில்லிவிநாடி தாமதம்! இந்தக் கட்டுரையே அந்த 15-க்காகத்தான்.

ஒரே ஒலி இரண்டு திசைகளிலிருந்து சில மில்லிவிநாடி இடைவெளியில் வந்தால், மூளை இரண்டாகக் கேட்பதில்லை. ஒன்றாகச் சேர்த்துவிட்டு, முதலில் எது வந்ததோ அந்தத் திசையிலிருந்துதான் எல்லாமே வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறது. பின்னால் வந்தது சுமார் 10 டெசிபல் வரை உரக்க இருந்தாலும் இந்த முடிவு மாறாது. ஜெர்மனியின் கெட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் தன் 1949 முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்தார். சுவர் எதிரொலி குறுக்கே வராதிருக்க மொட்டைமாடியில் ஸ்பீக்கர் வைத்துச் சோதித்தார். போரில் நொறுங்கிக் கிடந்த நாடு அது. “இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?” என்று விண்ணப்பப் படிவத்தில் கட்டம் போட்டு நிதி கொடுக்கும் இன்றைய குழுக்கள், ஸ்பீக்கரோடு மாடியேறும் மாணவருக்குப் பைசா தருமா என்பது சந்தேகமே.

ஆக, உங்கள் காதுக்கு வரும் சத்தத்தில் பெரும்பங்கு 50 மீட்டர் தள்ளியிருக்கும் கோபுரத்திலிருந்து. ஆனால் மேடையின் மெல்லிய ஒலி 15 மில்லிவிநாடி முந்திக்கொண்டு வந்து, “பாடுவது அங்கே” என்று கை காட்டிவிடுகிறது. கோபுரம் பாடுவதாகவே தோன்றாது.

சரியாக 200 வைத்தால் என்ன கெடும்? மாலையில் 34 டிகிரி, இரவில் 26 என்று வைத்துக்கொள்வோம். மேடை ஒலி 70 மீட்டரில் கிட்டத்தட்ட 3 மில்லிவிநாடி பின்தங்கும். எதிர்காற்று அடித்தால் இன்னும் தாமதம். கோபுரம் முந்திக்கொள்ளும், பாடகர் சட்டென்று கோபுரத்துக்குத் தாவிவிடுவார். எஞ்சினியர் ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்சர் கருவியில் எலுமிச்சம்பழம் கட்டுவதைப் பார்த்துச் சிரிப்பவர்களே தங்க முலாம் கேபிளுக்கு ஆயிரங்களைக் கொட்டுகிறார்கள். பெரிய கச்சேரியில் முதலில் வாங்க வேண்டியது ஒரு வெப்பமானி.

அதிகமாக வைத்தாலும் வம்பு. இடைவெளி 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் பேச்சு எதிரொலியாகப் பிரியத் தொடங்கும். அதனால்தான் கோபுரத்துக்குச் சற்று முன்னால், மேடைப் பக்கமாக நிற்கவே கூடாது. 20 மீட்டர் முன்னால் நின்றால் மேடை ஒலி 143 மில்லிவிநாடியில் வரும். கோபுரத்தின் பின்பக்கம் கசியும் ஒலி, 215-உடன் அந்த 20 மீட்டருக்கான 57-உம் சேர்ந்து, 272-இல் வரும். பல்லவி முடிவதற்குள் தலைவலி.

எனவே வாசகரே, கோபுரத்தைத் தாண்டி, அது பார்க்கும் திசையிலேயே, பக்கவாட்டில் அதிகம் ஒதுங்காமல் நில்லுங்கள். முன்பகுதி டிக்கெட் இருந்தால் மிக்சர் மேசைக்குப் பக்கத்து இடம்தான் சிறந்தது. எஞ்சினியர் தன் காதுக்குப் பிடித்தபடிதானே சரிசெய்கிறார். அங்கும் நடுக்கோட்டை விடாதீர்கள். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு சப்-வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) அடுக்குகள் இருந்து, நீங்கள் 30 மீட்டரில் நின்றால், நடுவிலிருந்து நாலரை மீட்டர் ஒதுங்கினாலே 60 ஹெர்ட்ஸ் ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். டிரம் அடிப்பது தெரியும், நெஞ்சில் இடிக்காது.

மேடையை ஒட்டி நிற்பவர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம். 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்புக் கணக்கு. 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் வரும். பஞ்சு போதாது, நுரையாலான அடைப்பானை உருட்டிச் செருக வேண்டும்.

இன்னொன்று. பாடகர் எல்லோரையும் தாளத்துக்குக் கைதட்டச் சொன்னால், உங்கள் வரிசையின் தட்டல் மேடைக்குத் திரும்பும்போது போக வர 0.69 விநாடி ஆகியிருக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் அது ஒரு தட்டுக்கும் மேல். பாட்டையும் தாளத்தையும் நேரே காதில் கேட்கவைக்கும் மானிட்டர் என்ற குட்டி ஸ்பீக்கரைச் செருகியிருப்பதால் அவர் பிழைத்தார்.