டோஸ்: தமிழில் ஏற்பளவு

மேனேஜர் டோஸ் விட்டார், அவன் டோஸ் வாங்கினான். சென்னைப் பேச்சில் இரண்டும் உண்டு. கிரேக்க மூலமான 'டோசிஸ்' கொடுத்தலைக் குறிக்கும். அதிலிருந்து, ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு என்றானது. கதிர்வீச்சு இயற்பியலில் கணக்கு வாங்கியதற்குத்தான்: ஒரு கிலோகிராம் பொருள் உட்கவர்ந்த ஆற்றல் எத்தனை ஜூல் என்பதே டோஸ். அலகு கிரே; லூயிஸ் ஹெரால்ட் கிரேயின் பெயரால் 1975இல் ஏற்கப்பட்டது. எனவே 'மருந்தளவு' பொருந்தாது. 'கதிர்வீச்சு அளவு' என்றால் கருவி உமிழ்ந்ததா, மாதிரி ஏற்றதா என்று தெரியாது. 'ஏற்பளவு' என்பதே எங்கள் பரிந்துரை.

நானோபொருள் ஆய்வில் இந்த வேறுபாட்டை மறந்தால் மாதிரி போய்விடும். எக்ஸ் கதிர்க் கற்றையில் நொடிக்கு லட்சம் கோடி ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்), ஒவ்வொன்றும் 8 கிலோ எலெக்ட்ரான்வோல்ட், கற்றை பக்கத்துக்கு 100 மைக்ரான் உள்ள சதுரம் என்றால், கரிமப் படலம் நொடிக்கு ஏறத்தாழ 50 கிலோகிரே ஏற்கும். அதையே 10 மைக்ரானுக்குக் குவித்தால் விடுவது அதேதான். வாங்குவது 100 மடங்கு. 100 கெல்வினில் குளிர்வித்த புரதப் படிகத்துக்குச் சொல்லப்படும் 30 மெகாகிரே சேத எல்லை ஆறே நொடியில் வந்துவிடும்.

சேதத்தை உண்மையான முடிவு என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. எக்ஸ் கதிர் ஒளிமின் நிறமாலையில் செப்பு(II) சேர்மம் கதிர் பட்டே செப்பு(I) ஆகக் குறையும். 940-945 எலெக்ட்ரான்வோல்ட் பக்கம் உள்ள, செப்பு(II)இன் அடையாளமான துணை உச்சி தேயும். ஆகவே முழு நிறமாலை வீச்சுக்கு முன்பே, அந்த உச்சி இருக்கும் செப்பு 2பி பகுதியைப் பதியுங்கள். கடைசியில் அதே இடத்தில் மறுபடி பதிந்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் புது இடம், குறைந்த நேரம்.

அலுமினியத் தகடு வைத்துக் கற்றையைப் பாதியாக்கி, நேரத்தை இரட்டிப்பாக்கினால் பயனில்லை. மொத்த ஏற்பளவு மாறாது. மாதிரியை நகர்த்திக்கொண்டே அளப்பது, கரைசலை நுண்குழாயில் ஓடவிடுவது, குளிர்விப்பது ஆகியவைதான் கைகொடுக்கும். குளிரில், கதிர் பட்டு உருவாகும் தனி உறுப்புகளின் (ஃப்ரீ ராடிக்கல்) நகர்வு மட்டுப்படும். ஆனால் சென்னை ஈரக்காற்றில் நைட்ரஜன் குளிர்தாரை ஒழுங்காக இல்லாவிட்டால் மாதிரியில் பனி படியும்; எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் வளையங்கள் தெரிந்தால் அது பனிக்கட்டி. உலர் நைட்ரஜன் உறையைச் சரிபாருங்கள், ஏசி காற்று தாரைமேல் அடிக்காமல் தடுங்கள்.

நொடிக்கு எவ்வளவு என்பதை 'ஏற்பளவு வீதம்' எனலாம். அறிக்கையில் வீதத்தை மட்டும் எழுதாமல் பாயம் (நொடிக்கு வரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை), கற்றை அளவு, நேரம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.