ஸ்டைலிஸ்ட் ஒப்பனையாளர் அல்ல

போன மாதம் ஒரு கல்யாண மலரின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 'ஒப்பனை' என்று போட்டு மேக்கப் செய்த பிள்ளையின் பெயர். அதற்கு நேர் கீழே மறுபடியும் 'ஒப்பனை', பக்கத்தில் என் பெயர். அந்தப் படப்பிடிப்பில் நான் ஒருவருடைய முகத்தையும் தொடவில்லை, உடுப்பையும் நகையையும் தெரிந்து பொருத்தினேன். ஆங்கிலப் பதிப்பில் ஸ்டைலிஸ்ட் என்று சரியாகத்தான் இருந்தது. தமிழுக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒரே வேலைக்காரர் ஆகிவிட்டோம்.

இது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். நேர்காணல் ஒன்றில் 'ஒப்பனையாளர்' என்று அறிமுகப்படுத்திவிட்டு எந்த ஃபவுண்டேஷன் நல்லது என்று கேட்டார்கள். விளம்பர வேலை ஒன்றுக்கு நான் கொடுத்த பில், 'ஒப்பனைக்கு ஏற்கனவே கொடுத்தாயிற்று' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. விளக்கம் சொல்லி அந்தக் காசை வாங்க ஆறு கிழமை போனது.

ஸ்டைல் என்பதன் மூலம் லத்தீனில் 'ஸ்டிலுஸ்'. மெழுகு பூசிய பலகையில் எழுதும் கூர்க்கோல், கிட்டத்தட்ட நம் எழுத்தாணி. கருவியின் பெயர் எழுதும் முறைக்கு ஆகி, பிறகு எதையும் செய்யும் முறைக்கு ஆனது. ஸ்டைலிஸ்ட் என்றால் முதலில் நல்ல நடையில் எழுதுபவர்தான். தலைமுடியும் உடுப்பும் பின்னால் வந்து சேர்ந்தவை. இந்த மூலத்தை வைத்துத் தமிழ்ச்சொல் தேடினால் 'நடையாளர்' என்றுதான் போய் முடியும், அது உதவாது. வேலையைப் பார்த்துத்தான் சொல் தேட வேண்டும்.

வேலை இப்படி. கொழும்பு காலிமுகத்திடல், காலை ஆறு மணி, கடல் காற்று. மொடல் போட்டிருக்கும் கோட் இரண்டு அளவு பெரிது. அந்த நிறத்தில் கடையில் வேறு அளவு இல்லை. முதுகுப் பக்கத்தை மடித்து மடித்து ஐந்து கிளிப் போட்டேன். முன்னால் அளவெடுத்துத் தைத்த மாதிரி, பின்னால் பார்த்தால் மீன் முள். சப்பாத்தின் அடியில் மாஸ்கிங் டேப், விலைத்துண்டு கழுத்துப் பட்டிக்குள் மடித்து ஒட்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாமே இரவல். கெய்சர் வீதியில் துணி தந்த முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "மகள், ஊத்தை பட்டா திருப்பி எடுக்க ஏலாது." செட்டியார் தெருவில் வாங்கிய மாலையைப் பத்து மணிக்கு முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கோட்டை நான் வடிவமைக்கவில்லை, தைக்கவுமில்லை. எந்தக் கோட்டுக்கு எந்தச் சப்பாத்து, எந்தக் கழுத்துக்கு எந்த மாலை, எதைக் கழற்றி வைப்பது என்பதுதான் என் தொழில். தெரிவும் பொருத்தமும். படத்தில் அது தெரியக்கூடாது, தெரிந்தால் நான் பிழைவிட்டேன் என்று அர்த்தம்.

'ஆடை வடிவமைப்பாளர்' என்று மொழிபெயர்ப்பதும் பிழை என்பது இதிலேயே விளங்கும்.

'ஒப்பனையாளர்' மீதுதான் என் பெரிய வழக்கு. ஒப்பனையின் அடி 'ஒப்பு'. ஒத்திருப்பது, பொருந்துவது. பழைய வழக்கில் அலங்காரம் முழுவதற்கும் அது பொருந்தும், உடையும் நகையும் அதற்குள் அடக்கம் என்று ஒரு தமிழாசிரியர் என்னோடு வாதாடினார். அகராதியில் அவர் சொன்னது இருக்கிறது. ஆனால் சொல் அகராதிக்குள் குடியிருப்பதில்லை. நம் பள்ளிப் பிள்ளைகள் நாடகமும் அரங்கியலும் படிக்கும்போது வேட உடை வேறு, ஒப்பனை வேறு என்றுதான் படிக்கிறார்கள். ஒப்பனை அறையில் கண்ணாடியும் பவுடரும் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரிந்துபோய் ஊன்றிவிட்ட பொருளை ஒரு மொழிபெயர்ப்பாளரின் வசதிக்காகத் திரும்பக் கலக்கக்கூடாது. மேக்கப் செய்பவருக்கு அழகான, எல்லோருக்கும் விளங்கும் ஒரு தமிழ்ச்சொல் கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்கி எனக்கும் பாதி கொடுப்பது இரண்டு பேருக்கும் அநியாயம்.

அதற்கு முன்னால் 'நவநாகரிக' என்று ஒட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஃபேஷன் வேறு, நாகரிகம் வேறு. என் அம்மம்மாவின் பழைய கூறைச் சேலையை எடுத்து இன்றைய ரவிக்கையோடு பொருத்தினால் அதில் 'நவ' எங்கே இருக்கிறது?

'பாணியாளர்' இந்தியாவிலிருந்து வந்த ஒரு கட்டுரையில் கண்ணில் பட்டது. அங்கே எப்படிக் கேட்குமோ, கொழும்பில் பாணி என்றால் தயிருக்கு ஊற்றுவது. கித்துள் பாணி, இருமலுக்குப் பாணி மருந்து. இங்கே வாசிப்பவருக்கு அந்தச் சொல் உடுப்பை நினைவூட்டாது. ஒரு ஊரின் நாக்கைத் தெரியாமல் செய்த சொல்லை இன்னொரு ஊரில் இறக்கும் பழக்கம் நம் பத்திரிகை அறைகளில் கூடிவிட்டது. மும்மொழியிலும் வெளியிட வேண்டும் என்ற அவசரத்தில் தமிழ்தான் கடைசியாகச் செய்யப்படுகிறது. செய்தவரிடம் 'இந்த ஆள் என்ன வேலை செய்கிறார்' என்று கேட்க ஒருவரும் இல்லை. கொழும்பு ஃபேஷன் வீக் 2003இல் தொடங்கியது. இருபது வருஷத்துக்கு மேலாக மேடைக்குப் பின்னால் இந்த வேலை நடக்கிறது, தமிழில் இன்னும் பெயர் நிலைக்கவில்லை.

பெயர் இல்லாமலும் இல்லை. வெள்ளவத்தையில் என் மாமி 'பொம்பிளை சோடிக்கப் போறன்' என்று சொல்லிவிட்டுப் போவார். மணவறைச் சோடனை, தேர்ச் சோடனை, எல்லாம் நம் வாயில் இருப்பவை. சோடி என்றால் இணை. ஒரு சோடி காப்பு, ஒரு சோடி செருப்பு. ஒன்றுக்கு ஒன்று இணையாக வைத்து அழகாக்குவதுதான் சோடித்தல். ஐந்து கிளிப்போடு நான் நின்ற வேலைக்கு இதைவிடக் கிட்டவான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சோடனையாளர்.

தனித்தமிழ் அன்பர்கள் கோபிப்பார்கள். 'சோடி' என்ற சொல் இந்தியிலும் மராத்தியிலும் தெலுங்கிலும் இருக்கிறது, உண்மைதான். 'அணி' என்ற நல்ல தமிழ் இருக்கிறதே என்பார்கள். எனக்கும் அதில் ஆசை உண்டு. மான்போன்ற பார்வையும் நாணமும் உள்ளவளுக்கு 'அணியெவனோ ஏதில தந்து' என்று குறள் 1089 கேட்கிறது. ஏதில என்றால் தொடர்பில்லாதவை. தொடர்பில்லாததை ஏன் பூட்டுகிறீர்கள் என்ற அந்தக் கேள்வியை ஒவ்வொரு படப்பிடிப்பிலும் எனக்கு நானே கேட்கிறேன். ஆனால் 'உடையணியாளர்' என்றால் உடை அணிபவர், அதாவது மொடல் என்று படிக்கிறது. 'புனைவாளர்' என்றால் கதை எழுதுபவர். பொய்யாகக் கட்டிய வழக்கையும் 'சோடித்த வழக்கு' என்கிறோமே என்று கேட்டால், புனைதலுக்கும் அதே இரட்டைப் பொருள் உண்டு. அதற்காக யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை.

கோயில் இந்தப் பிரிவை எப்போதோ செய்துவிட்டது. பட்டு நெய்தவர் ஒருவர், நகை செய்தவர் ஒருவர், மாலை கட்டியவர் ஒருவர். இன்றைக்கு எந்தப் பட்டு, அதற்கு எந்த மாலை என்று பார்த்துச் சாத்துகிறவர் சாத்துப்படிக்காரர். அவரைத் தையற்காரர் என்றோ பூக்காரர் என்றோ யாரும் சொல்வதில்லை. அந்தச் சொல் சுவாமிக்கு உரியது, அதை நான் எடுக்கமாட்டேன்.

கல்யாண மலரின் துணை ஆசிரியரோடு பேசினேன். அடுத்த இதழுக்கு 'ஒப்பனை' ஒரு வரி, 'சோடனை' ஒரு வரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பில் புத்தகத்தில் தமிழ்ப் பக்கத்தையும் அப்படியே மாற்றிவிட்டேன்.