காற்றுக்கு முகங்கொடுத்த கப்பல்

மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கடல் மைல் தூரத்தில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போட்டான், கப்பல் தாண்டது என்ற அளவில் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பல் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் 1942 ஏப்ரல் 9 காலை அது ஏன் அவ்வளவு விரைவாக அழிந்தது என்பது விளங்கும்.

அதற்கு முன்னிருந்த விமானந்தாங்கிகள் பயணிகள் கப்பலாகவோ போர்க்கப்பலாகவோ கட்டத் தொடங்கி, பிறகு மாற்றியமைக்கப்பட்டவை. விமானங்களுக்கென்றே வரைபடம் வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் ஹேர்மிஸ். இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் 1918 ஜனவரியில் வேலை ஆரம்பமானது. வரைபடத்தைத் திருத்தித் திருத்தியே காலம் போய், 1924இல்தான் முடிந்தது. பிந்தித் தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ 1922இலேயே சேவைக்கு வந்துவிட்டது.

சுமார் 180 மீற்றர் நீளமான கப்பலில் விமானம் எப்படி எழும்பும்? விமானத்தைத் தூக்குவது தளத்தின் மேல் அது ஓடும் வேகம் அல்ல. இறக்கையைச் சுற்றிப் பாயும் காற்றின் வேகம். எனவே கப்பல் காற்று வரும் திசைக்கு நேராக முகத்தைத் திருப்பி முழு வேகத்தில் ஓடும். ஹேர்மிஸின் உச்ச வேகம் மணிக்கு 25 கடல் மைல். எதிர்க்காற்று 15 கடல் மைல் என்றால், தளத்தில் அசையாமல் நிற்கும் விமானத்தின் இறக்கை மீதே மணிக்கு 40 கடல் மைல், அதாவது 74 கிலோமீற்றர் வேகத்தில் காற்று பாய்கிறது. ஸ்வோர்ட்ஃபிஷ் போன்ற மெதுவான இரட்டைச் சிறகு விமானத்துக்கு அதற்குமேல் சிறிது ஓட்டமே போதும். இறங்கும்போதும் அந்த 40 கழிந்துவிடுவதால், விமானம் தளத்தைத் தொடும் வேகம் மிகவும் குறைவு.

இதற்கு ஒரு விலை உண்டு. விமானம் ஏறி இறங்கும் நேரமெல்லாம் கப்பலின் திசையைத் தீர்மானிப்பது காற்று, கப்டன் அல்ல. நமது கிழக்குக் கடலில், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாளில் விமானத்தை அனுப்ப வேண்டுமானால், கப்பல் கரையை நோக்கித்தான் ஓட வேண்டும்!

கட்டளைக் கோபுரத்தையும் புகைபோக்கியையும் வலது ஓரத்துக்கு ஒதுக்கியதால் தளம் முழுநீளத்துக்கும் வெறுமையாகக் கிடைத்தது. பிற்கால விமானந்தாங்கிகளில் ஏறக்குறைய எல்லாமே கோபுரத்தை வலப்புறத்தில்தான் வைத்திருக்கின்றன.

போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் சீனக் கடலில் பணி. 1931இல் புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க்கின் மிதவை விமானத்தை இந்தக் கப்பலிலிருந்து யாங்சி ஆற்றில் இறக்கியபோது அது கவிழ்ந்து சேதமடைந்த கதையும் உண்டு. 1940இல் டக்கார் துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷெலியூமீது இதன் விமானங்கள் தாக்குதல் நடத்தின. ஆனாலும் அந்தக் காலத்துக்கு இது சிறிய, வேகம் குறைந்த கப்பல்தான்.

1942 ஏப்ரல் 8 இரவு, தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையால், ஹேர்மிஸ் திருகோணமலையை விட்டு வெளியேறியது. அதன் விமானங்கள் சீனக்குடாவில், தரையில் நின்றன. துறைமுகத்தில் அகப்படாமல் தப்ப எடுத்த முடிவு என்ற அளவில் அது சரிதான். ஆனால் விமானந்தாங்கியின் கண்ணும் ஆயுதமும் விமானம் மட்டுமே. மறுநாள் காலை ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் உளவு விமானம் அதைக் கண்டுவிட்டது. ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள், தடித்த கவசமில்லாத தளத்தைத் துளைத்தன. அடியில் விமானங்களை நிறுத்தும் வெற்றுக் கூடம். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இரத்மலானையிலிருந்து உதவிக்கு வந்த போர் விமானங்கள் பிந்திவிட்டன. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 600 பேரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது. துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது.

இன்று அங்கே இறங்குவது விளையாட்டல்ல. 53 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கடல்மட்டத்தைப்போல ஆறு மடங்குக்கும் அதிகம். மேலே ஒரு மணி நேரம் வரும் காற்றுச் சிலிண்டர் அங்கே பத்து நிமிடமும் தாங்காது. அந்த அமுக்கத்தில் சுவாசிக்கும் நைதரசன் குடித்தவனைப்போல மூளையை மந்தமாக்கும். அதனால் தேர்ந்த சுழியோடிகள் ஹீலியம் கலந்த வாயுவைக் கொண்டுபோகிறார்கள். பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு எல்லை 40 மீற்றர். அவசரமாக மேலே வந்தால் உடலில் கரைந்த வாயு குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். எனவே இடையிடையே நின்று நின்றுதான் ஏற வேண்டும். வாடைக் காலத்தில் கடல் கலங்கிவிடுவதால் அந்த மாதங்களில் யாரும் முயல்வதில்லை. பழகாதவர்களுக்கு, அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் இதில் பாதி ஆழத்தில்தான் கிடக்கிறது.