சொல் விளக்கம்: யங் அடல்ட்

சில வாரங்களுக்கு முன் ஒரு படத்தின் விவரக் குறிப்பைத் தமிழில் வாசித்தேன். "இளம் வயது வந்தோர் நாவலைத் தழுவியது" என்று இருந்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் கதை அது. ஆனால் தமிழில் வாசிக்கிற யாருக்கும் அந்த வரியைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற தணிக்கைச் சான்றிதழ்தான். பன்னிரண்டு வயதிலிருந்து வாசிக்கத் தகுந்த கதை, ஒரே ஒரு மொழிபெயர்ப்பால் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தொடக் கூடாத கதையாகிவிட்டது. பெண் என்று வரும்போது 'வயதுக்கு வருதல்' என்ற சொல்லுக்குத் தமிழில் வேறு பொருளும் உண்டு. ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சொற்றொடர் தவறான வாசலில்தான் கொண்டுபோய் விடுகிறது.

தவறு மொழிபெயர்த்தவருடையது மட்டும் அல்ல. 'யங் அடல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது.

லத்தீனில் 'அடோலெஸ்கெரே' என்று ஒரு வினைச்சொல். வளர்தல், முதிர்தல் என்று பொருள். அதன் நிகழ்கால வடிவத்திலிருந்து வந்தது 'அடோலசென்ட்', அதாவது வளர்ந்துகொண்டிருப்பவர். அதே வினையின் இறந்தகால வடிவம் 'அடுல்டுஸ்'. அதிலிருந்து வந்தது 'அடல்ட்', வளர்ந்து முடித்தவர். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், காலம்தான் வேறு. வளர்ந்துகொண்டிருப்பவரைக் குறிக்க நிகழ்காலச் சொல் ஒன்று கையில் இருந்தும், இறந்தகாலச் சொல்லை எடுத்து, அதன் முன்னால் 'யங்' என்று ஒட்டிவைத்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. இந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க நூலகர்கள். குழந்தைகள் பகுதியைத் தாண்டிவிட்ட, ஆனால் பெரியவர்கள் பகுதிக்குள் தயங்கித் தயங்கி நுழைகிற வாசகர்களுக்கென்று தனி அலமாரி வைத்தார்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தில் 1957-இல் இதற்கென்றே தனிப் பிரிவு உருவானது. அது கணக்கில் எடுத்துக்கொள்வது 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களை. 'உன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்த மாட்டோம்' என்று அந்த வாசகர்களுக்குச் சொல்லும் மரியாதைதான் 'அடல்ட்' என்ற சொல்லில் இருக்கிறது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழில் சொல் தேடும்போதும் அது தொலைந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

அலமாரி வந்த பிறகுதான் அதை நிரப்பும் புத்தகங்கள் பெருகின. எஸ். இ. ஹின்டன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வெளிவந்தது. வளர்ந்துகொண்டிருக்கும் ஒருத்தி தன் வயதுக்காரர்களைப் பற்றித் தானே எழுதிய நாவல் அது. 1983-இல் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா அதைப் படமாக்கினார். படமாக்கச் சொல்லிக் கேட்டு அவருக்குக் கடிதம் அனுப்பியவர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியின் நூலகரும் மாணவர்களும். திரைத்தழுவல் என்றால் தயாரிப்பாளர்கள் விலை பேசி உரிமை வாங்கும் கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு, வாசகர்களே கையெழுத்துப் போட்டுக் கேட்டு வாங்கிய படம் ஒன்று இருப்பது எவ்வளவு நல்ல செய்தி!

சரி, தமிழுக்கு வருவோம். இந்த வயதுக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரிக்கின்றன. அதில் 'மடந்தை' 14 முதல் 19 வரை. ஆணுக்கு 'விடலை' உண்டு. சங்கப் பாடல்களில் பாலை வழியே காதலியை அழைத்துச் செல்லும் வீர இளைஞன்தான் விடலை. இன்றோ 'விடலைப் பையன்' என்றால் பொறுப்பில்லாமல் சுற்றுகிறவன் என்ற தொனி ஒட்டிக்கொண்டது. இரண்டுமே ஒரு பாலுக்கு மட்டும் உரியவை என்பதால், ஒரு நாவல் வகைக்குப் பெயராக வைக்க முடியாது.

'பதின்மர் நாவல்' என்று சிலர் எழுதுகிறார்கள். பழந்தமிழில் பதின்மர் என்றால் பத்துப் பேர். திருக்குறளின் பழைய உரைகாரர்கள் பத்துப் பேரை இன்றும் பதின்மர் என்றுதான் சொல்கிறோம். அதனால் 'பதின்பருவம்' என்றால் எனக்குச் சம்மதம், 'பதின்மர்' வேண்டாம். பதின்பருவம் என்ற சொல்லில் எனக்குப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'டீன்' ஒலி பதின்மூன்றில் தொடங்கிப் பத்தொன்பதில் முடிகிறது. தமிழில் 'பதின்' ஒலி பதினொன்றில் எட்டிப் பார்த்து, பன்னிரண்டில் கொஞ்சம் உருமாறி, பதினெட்டோடு நின்றுவிடுகிறது. அடுத்தது பத்தொன்பது, அங்கே 'பதின்' இல்லை. நூலகர்கள் வகுத்த எல்லையைத் தமிழ் எண்களே கிட்டத்தட்டப் போட்டு வைத்திருக்கின்றன.

ஆனாலும் வயதைக் குறிக்க என் மனம் போகிற சொல் 'வளரிளம் பருவம்'. பாடநூல்களிலும் மருத்துவத் துறையிலும் நன்றாகப் பழகிய சொல்தான். அதன் அழகு இலக்கணத்தில் இருக்கிறது. 'வளர் இளம்பருவம்' வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கும். வளர்ந்துகொண்டிருப்பவரா, வளர்ந்து முடித்தவரா என்று லத்தீன் இரண்டு சொற்களாகப் பிரித்துக்கொண்ட இடத்தில், தமிழ் காலம் காட்டாமல் ஒரு சொல்லிலேயே வைத்துக்கொண்டது. பதினாறு வயதில் ஒருவர் காலையில் குழந்தையாகவும் மாலையில் பெரியவராகவும் இருப்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

இந்த நாவல்களைப் படமாகப் பார்க்கும்போது என்னை உறுத்துவதும் இந்தக் காலம்தான். 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008), இளையவர்களை ஓர் அரங்கில் ஒருவரையொருவர் கொல்லவைக்கும் போட்டியைப் பற்றிய நாவல். அதன் நாயகி கேட்னிஸுக்கு வயது பதினாறு. 2012-இல் வந்த படத்தில் நடித்த ஜெனிஃபர் லாரன்ஸ் இருபதைத் தாண்டியிருந்தார். அதன் முன்கதையான 'தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்' நாவலில், பின்னாளில் கொடுங்கோல் அதிபராகும் ஸ்னோவுக்குப் பதினெட்டு. 2023 படத்தில் நடித்த டாம் பிளைத்துக்குப் படப்பிடிப்பின்போது இருபத்தேழு. இருவருமே அருமையாக நடித்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் தெரிவது வளர்ந்து முடித்த முகம். தோள்களில் தயக்கம் இல்லை. அந்தப் பதினெட்டு வயதுப் பையன் ஒவ்வொரு நல்ல காரியத்தையும் தனக்கு லாபமா என்று மனத்துக்குள் கணக்குப் போடுவதை நாவலில் பக்கம் பக்கமாக வாசித்தேன். கெட்டவனாக இன்னும் முடிவாகாத ஒருவன் கெட்டவனாவதைக் கூடவே இருந்து பார்ப்பதுபோல் இருந்தது. படத்தில் அந்தக் கணக்கு கேட்பதில்லை. ஓர் அழகான இளைஞன் திடீரென்று மாறிவிட்டதாகத்தான் தோன்றியது.

தழுவல் என்றால் என்ன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல்நூல் ஒன்றைப் பின்பற்றி எழுதும் வழிநூலைத் தொல்காப்பியம் நான்காகப் பிரிக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. திரைத்தழுவலுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் முதலில் வந்த மூன்று நாவல்களில் கடைசியை 2014-லும் 2015-லும் இரண்டு படங்களாக்கினார்களே, அது விரித்தல். வணிகத்துக்காக விரித்தது என்பது முதல் பாகத்தைப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்.

தொகுத்தல், அதாவது சுருக்குதல், எப்படி வலிக்கும் என்பதற்கு ஒரே ஒரு பொருளைக் காட்டுகிறேன். கேட்னிஸ் உடையில் குத்திக்கொள்ளும் பறவைப் பதக்கம். நாவலில் அதைக் கொடுப்பவள் மேட்ஜ், மேயரின் மகள். போட்டிக்குக் கிளம்பும் கேட்னிஸ் விடைபெறும் அறைக்கு வந்து, தன் உடையிலிருந்து கழற்றி, இவள் உடையில் குத்திவிடுகிறாள். ஒருத்தி வசதியான வீடு, ஒருத்தி பசித்த வீடு. பள்ளியில் அதிகம் பேசாமலே பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள். நட்பு என்று பெயர்கூட வைக்காத ஒன்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. படத்தில் மேட்ஜே இல்லை. சந்தையில் கேட்னிஸ் கண்ணில் படும் பதக்கம் தங்கை ப்ரிம்முக்குப் போய், பிறகு இவளிடமே திரும்பி வருகிறது. திரைக்கு அது பொருத்தம்தான். அக்கா தங்கை பாசம் உடனே புரியும். எனக்கு மட்டும் மேட்ஜின் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம், தழுவல் மூலத்தை மிஞ்சுகிற நேரமும் உண்டு. ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' நாவல் (2017) அடுத்த ஆண்டே படமானது. குழந்தைகளுக்குள் நாம் விதைக்கும் வெறுப்பு எல்லாரையும் திருப்பித் தாக்கும் என்பது அந்தத் தலைப்பின் கருத்து. படத்தின் முடிவில், நாவலில் இல்லாத ஒன்றாக, நாயகி ஸ்டாரின் குட்டித் தம்பி செகானி துப்பாக்கியைக் கையில் எடுத்து நீட்டுகிறான். அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தபோது, நாவலில் வாசித்துப் புரிந்துகொண்டது உடம்பில் உறைத்தது. இதைத்தான் உண்மையான தழுவல் என்பேன். அணைத்துக்கொண்ட பிறகு இரண்டு பேருமே கொஞ்சம் மாறிவிடுகிற தழுவல்.

மீண்டும் பெயருக்கு. 'நியூ அடல்ட்' என்று இன்னொரு சொல் 2009-இல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றின் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. கல்லூரி வயதைத் தொட்டவர்களின் கதைகளுக்கு அந்தப் பெயர். அதைப் 'புதிய வயது வந்தோர்' என்று யாரும் மொழிபெயர்த்துவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். 'இளைஞர் நாவல்' போதும்.

'யங் அடல்ட்' நாவலுக்கு நான் எழுதுவது 'இளையோர் நாவல்'. குழந்தைகளுக்கானது சிறார் இலக்கியம், அதற்கு அடுத்தது இளையோர் இலக்கியம் என்று வரிசையும் தெளிவாக அமைகிறது. ஆண், பெண் இருவரையும் சேர்த்துச் சொல்லும் பலர்பாலில் இருப்பதால் மரியாதையும் தொலையவில்லை. 'இளையர் இனமுறையர் என்றிகழார்' என்று குறள் தொடங்கும். வயதில் இளையவர், நமக்கு உறவினர் என்று அரசரை இகழாமல் நடக்க வேண்டும் என்பது பொருள். இளமையை வைத்து ஒருவரைக் குறைத்து எடை போடாதே என்ற பொருளோடு பழகிய சொல் அது. நூலகர்கள் 'அடல்ட்' என்ற சொல்லால் கொடுக்க நினைத்ததும் அதே மரியாதைதான்.

இந்தச் சொல்லை இப்போது அடிக்கடி எழுதவேண்டி வருவதற்குக் காரணம், அதே 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் 2025 மார்ச்சில் வந்த 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' நாவல். பதினாறாவது பிறந்த நாளிலேயே போட்டிக்கு இழுத்துச் செல்லப்படும் ஹேமிட்ச், பின்னாளில் கேட்னிஸுக்கு வழிகாட்டியாகிறவன், 'நான்' என்று தன் கதையைத் தானே சொல்கிறான். அரங்கை முடக்க அவன் செய்த முயற்சிகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வேறொரு ஹேமிட்சைத் திரையில் காட்டுகிறது அரசு. முன்பு வந்த நாவல் ஒன்றில் கேட்னிஸ் பார்த்தது அந்த வெட்டி ஒட்டிய பதிவைத்தான் என்று தெரிந்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். அவனோடு அரங்குக்குப் போகும் மேசிலி, மேட்ஜின் அம்மாவோடு பிறந்தவள். அந்தப் பறவைப் பதக்கத்துக்கு முதலில் சொந்தக்காரி. 2012-இல் மேட்ஜை வெட்டியபோது திரையில் அறுந்துபோன இழை அது. இந்த நாவலின் படத்தை 2026 நவம்பரில் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். மேசிலியின் உடையில் அந்தப் பதக்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.