ஆப்பில் ‘ஆஃப்’ என்றால் கரண்ட் போய்விட்டதா?

போன வாரம் சிங்கப்பூர் தோ பாயோவில், போன் ஆப்பில் இயக்கும் ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்டிய ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து எல்இடி விளக்கைக் கழற்ற முக்காலியில் ஏறிய பெரியவர் ஷாக்கடித்து விழுந்து, மணிக்கட்டை ஒடித்துக்கொண்டிருந்தார். “ஆப்ல ஆஃப் பண்ணிட்டுத்தானே தம்பி ஏறினேன்?” என்று கட்டுப் போட்ட கையோடு கேட்டார். உண்மைதான், ஆஃப் செய்திருக்கிறார். ஆனால் மாலை 7 மணிக்கு விளக்கு எரியும்படி மகள் எப்போதோ டைமர் போட்டுவைத்திருக்கிறார். மணி ஏழானதும் அது தன் வேலையைச் செய்துவிட்டது. இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது வீடு இது.

ஆப்பில் ‘ஆஃப்’ என்று தெரிந்தால் கம்பியைத் தொடலாம் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். வைஃபை அறுந்தால் திரை பழைய நிலையையே காட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்விட்ச்சுக்குள் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், கட்டளை போனாலும் கரண்ட் நிற்காது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஸ்விட்ச் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, வராது. அதனால் நியூட்ரல் வேண்டாத ஸ்மார்ட் ஸ்விட்ச்சாகப் பார்த்து மாட்டுகிறார்கள். அது தான் இயங்குவதற்காக, விளக்கு வழியாகவே எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். அணைத்த எல்இடி இரவில் மங்கலாக மினுங்குவது பெரும்பாலும் இதனால்தான். கண்ணெதிரே மினுங்குகிற விளக்கில் கரண்ட் இல்லை என்று எப்படிக் கை வைக்கிறீர்கள்?

ஆர்சிசிபி என்ற கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இருக்கிறதே என்பார்கள். 30 மில்லியாம்பியர் கசிந்தால் அது கரண்ட்டைத் துண்டிக்கும், சரி. உதறலில் முக்காலியிலிருந்து விழுவதை அதனால் தடுக்க முடியாது.

அப்புறம், வாட்டர் ஹீட்டர். 3,000 வாட் ஹீட்டர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். ஒரு வீட்டில் அதற்கு 10 ஆம்பியர் ரிலே வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் டெர்மினல் கருகி, கம்பியின் உறை விரல் பட்டதும் உதிர்ந்தது. லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் ஹீட்டரின் இருமுனை ஸ்விட்ச்சைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஆப்பில் இயக்கியே ஆகவேண்டுமென்றால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு அந்தச் சுமைக்கேற்ற காண்டாக்டர் (அதிகக் கரண்ட்டைத் தாங்கும் ரிலே போன்றது) வைக்கச் சொல்லுங்கள்.

விளக்கில் கை வைக்கும் முன் டிபி பெட்டியில் (வீட்டுக்குள் கரண்ட்டைப் பிரித்துத் தரும் பெட்டி) அந்த விளக்குக்கான எம்சிபியை (பிரேக்கர் ஸ்விட்ச்) இறக்குங்கள். எது என்று தெரியவில்லையா, மெயினையே இறக்குங்கள். டெஸ்டர் வைத்துப் பாருங்கள்; ஆனால் எதையும் இறக்கும் முன்பே, கரண்ட் உள்ள பிளக் பாயின்ட்டில் வைத்து அந்த டெஸ்டரையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் வீட்டில் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று மார்க்கரில் எழுதிவைத்தேன். அவரும் இடது கையால் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டார். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எழுதிவிடுங்களேன்.