பிடித்தம் வேறு, முதலாளி செலவு வேறு

பிரிட்டனில் அம்பர்லா கம்பெனி (வேலை பிடித்துத் தரும் ஏஜென்சிக்கும் ஊழியருக்கும் நடுவில் முதலாளியாக நின்று சம்பளம் போடுவது) வழியாக கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கென்று தமிழில் வரும் விளக்கங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: “உங்கள் சம்பளத்திலிருந்து முதலாளியின் தேசியக் காப்பீடும் பிடித்தம் செய்யப்படும்.” தேசியக் காப்பீடு என்பது முதலாளியும் ஊழியரும் தனித்தனியே அரசுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புச் சந்தா. நூறு பேர் எழுதினாலும் தப்பு தப்புதான். அப்படிப் பிடித்தால் அது சட்ட மீறல். முதலாளி கட்ட வேண்டிய காப்பீட்டுப் பங்கை ஊழியரின் சம்பளத்திலிருந்து வசூலிக்க அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

பிடித்தம் என்ற சொல் ‘பிடி’ என்பதன் வழி வந்தது. கொடுக்க வேண்டிய காசில் ஒரு பகுதியைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்துக்கொள்வது. “பி.எஃப். பிடிச்சது போக கைக்கு எவ்வளவு வருது?” என்று கேட்கிறோமே, அதுவேதான். இலங்கையில் கழிவு என்பார்கள். தமிழ்நாட்டுக் காதுக்கு அதில் சாக்கடை வாடை அடிக்கும், வேறு குறை இல்லை. ஆனால் பிடித்தம் என்பதில் ஒரு நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது: காசு முதலில் உங்களுடையதாக ஆகியிருக்க வேண்டும். உங்களுக்குச் சேராத காசில் உங்களிடம் யாரும் பிடிக்க முடியாது.

இனி கணக்கைப் பாருங்கள். ஏஜென்சி உங்கள் ஒரு வார வேலைக்கு அம்பர்லாவுக்கு 1,000 பவுண்ட் அனுப்புகிறது. இது உங்கள் சம்பளம் இல்லை, கம்பெனியின் வரவு. இதை ஒப்பந்தத் தொகை என்று சொல்லலாம். இதிலிருந்து கம்பெனி முதலில் தன் மார்ஜினை, அதாவது தன் கட்டணத்தை, எடுத்துக்கொள்ளும், 20 பவுண்ட் என்று வைப்போம். மீதி 980. அதற்குள் உங்கள் சம்பளமும், அந்தச் சம்பளத்தின் மேல் கம்பெனி கட்ட வேண்டியவையும் அடங்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து முதலாளியின் தேசியக் காப்பீடு, வாரம் 96 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 15 சதவீதம். தொழிற்பயிற்சி லெவி என்று முதலாளி கட்டும் வரி 0.5 சதவீதம். ஓய்வூதியத் திட்டத்தில் சேரவில்லை என்று கொண்டால், பின்னாலிருந்து கணக்குப் போட்டு வரும் சம்பளம் சுமார் 861 பவுண்ட். காப்பீட்டுக்கு ஏறக்குறைய 115, லெவிக்கு நாலு பவுண்டும் சில்லறையும் போயிருக்கும். ஓய்வூதியம் உண்டென்றால் முதலாளியின் பங்கும் இந்த இடத்திலேயே கழியும். இவை எல்லாம் முதலாளி செலவு.

பிடித்தம் தொடங்குவது அந்த 861-க்குப் பிறகுதான். பெரும்பாலானவர்களுக்கு உள்ள 1257L என்ற வரிக் குறியீட்டில் வாரம் 242 பவுண்ட் வரை வரி இல்லை; அதற்கு மேல் 20 சதவீதம் என்றால் சுமார் 124. ஊழியரின் காப்பீட்டுப் பங்கு அதே 242-க்கு மேல் 8 சதவீதம், சுமார் 50. கைக்கு வருவது 687, 688 பவுண்ட். மாணவர் கடன், ஊழியரின் ஓய்வூதியப் பங்கு இருந்தால் இன்னும் குறையும். வரி, ஊழியர் பங்கு, கடன்: பிடித்தம் என்று பெயர் வாங்கத் தகுந்தவை இவைதான்.

“எப்படியும் காசு என் ஆயிரத்திலிருந்துதானே போகிறது, பேரில் என்ன இருக்கிறது?” என்று கேட்பார்கள். பேரில்தான் எல்லாம் இருக்கிறது. ஏஜென்சி சொன்ன ஆயிரம் அம்பர்லா ரேட், அதாவது கம்பெனிக்குப் போகும் ஒப்பந்தத் தொகை, என்றால் மேலே உள்ள கணக்கு சரி. அதே ஆயிரத்தை உங்கள் சம்பளம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு முதலாளி காப்பீட்டுக்காக அதில் கைவைத்தால், நீங்கள் சண்டைக்குப் போக இடம் இருக்கிறது. இரண்டையும் பிடித்தம் என்றே எழுதிப் பழகியவருக்கு, தன்னிடம் எது நடந்தது என்றே தெரியாது. 2020 ஏப்ரல் 6 முதல், வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே ஏஜென்சி முக்கியத் தகவல் ஆவணம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் தொடங்கிக் கைக்கு வருவது வரை மாதிரிக் கணக்கு அதில் இருக்கும். சம்பளச் சீட்டு வந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாகப் போடும் கம்பெனிகள் இரண்டு பகுதியாகப் பிரித்திருப்பார்கள்: மேலே ஒப்பந்தத் தொகை சம்பளமாகக் குறைந்த கணக்கு, கீழே சம்பளச் சீட்டு. கீழ்ப்பகுதியின் பிடித்தப் பத்தியில் முதலாளி காப்பீடு தலைகாட்டினால் உடனே எழுதிக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பம் ‘மொத்தச் சம்பளம்’. ஆங்கிலத்தில் கிராஸ், டோட்டல் என்று இரண்டு இருப்பதைத் தமிழில் ஒன்றாக்கி, அதையே ஒப்பந்தத் தொகைக்கும் சூட்டிவிடுகிறார்கள். ஒரே பக்கத்தில் 1,000-மும் மொத்தம், 861-ம் மொத்தம். படிக்கிறவன் என்ன செய்வான்? 861-ஐப் ‘பிடித்தத்துக்கு முந்திய சம்பளம்’ என்று எழுதலாமே. நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.

‘குடை நிறுவனம்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்பர்லா, நிழலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. தமிழில் குடை என்றால் வெண்கொற்றக்குடை நினைவுக்கு வரும். குடிகளைக் காக்கும் அரசன். இந்தக் கம்பெனியோ சம்பளப் பட்டுவாடா செய்து மார்ஜின் வாங்குகிற முதலாளி, அவ்வளவே. தாய்க் கம்பெனி என்று வேறு சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்ப்படுத்தியே தீர வேண்டும் என்றால் ‘இடைமுதலாளி நிறுவனம்’ என்பேன்: ஏஜென்சிக்கும் உழைப்பவருக்கும் நடுவில் சட்டப்படி முதலாளியாக நிற்பது. இல்லையென்றால் அம்பர்லா என்றே விட்டுவிடுங்கள். பேச்சில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அகராதியைப் புரட்டி முதல் சொல்லை ஒட்டிவிட்டுப் போவதைவிட அது மேல்.

இதே சோம்பல்தான் ‘விடுமுறைப் படி’ என்ற பெயரிலும். படி என்றதும் பஞ்சப்படி போல மேலே சேரும் காசு என்று தோன்றும். உண்மையில் அந்த 861-க்குள்ளேயே அது இருக்கிறது: 768 அடிப்படை, அதன் மேல் 12.07 சதவீதம், 93. வாராவாரம் சேர்த்துக் கொடுத்தால் விடுப்பில் போகும் வாரத்தில் சம்பளம் வராது. சேமித்து வைக்கும் முறை என்றால், வாராவாரம் அந்த 93 குறைவாக வரும். விடுப்பு எடுக்காமல் விலகினால் பாக்கியைக் கேட்டு வாங்க வேண்டும். அதனால் எழுதுவதானால் ‘விடுமுறைச் சம்பளம்’ என்று எழுதுங்கள். வேலையை விடும்போது கடைசிச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா, தொகை சரியா என்று பார்த்துவிட்டு விடுங்கள்.