‘எனக்குப் பிடித்துதான் எடுக்கிறேன்’: உடல் முடியும் ஊர் கண்ணும்

கால் முடியையும் அக்குள் முடியையும் ஏன் எடுக்கிறீர்கள் என்று ஆஸ்திரேலிய உளவியலாளர் மரிகா டிகமனும் உடன் பணியாற்றியவர்களும் தங்கள் ஆய்வுகளில் இளம்பெண்களிடம் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வழக்கமாக எடுக்கிறவர்கள். மற்ற பெண்கள் எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்டபோது, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்றுதான் எடுக்கிறார்கள் என்ற பதில் வந்தது. சரி, நீங்கள் எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் மாறியது. வழவழப்பாக இருப்பது எனக்குப் பிடிக்கும், அழகாக உணர்கிறேன் என்றார்கள். முதன்முதலில் தொடங்கியதற்கு மட்டும், ‘எல்லோரும் செய்தார்கள்’ என்பதைத் தங்கள் காரணமாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இந்த ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வெளியிலிருந்து வந்த ஒரு கட்டாயம், சில ஆண்டுகளில் சொந்த ஆசை போலவே உள்ளுக்குள் குடியேறிவிடுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதற்கான விடையில் பாதி தோலுக்கு அடியில் இருக்கிறது, மீதி சுற்றியிருப்பவர்களின் பார்வையில் இருக்கிறது.

முதலில் தோலைப் பார்ப்போம். மனித உடலில் ஏறத்தாழ 50 லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. அதில் தலையில் இருப்பவை சுமார் 1 லட்சம்தான். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்களைத் தவிர உடம்பு முழுக்க முடி உண்டு. பெரும்பாலானவை கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூனைமுடி. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது, சில இடங்களில் இந்தப் பூனைமுடி கருத்துத் தடித்த முடியாக மாறுகிறது. ஆண்ட்ரோஜன் என்றால் ஆண்களுக்கு மட்டும் சுரப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெண்களின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. அக்குளில் முடி வளரக் கொஞ்சம் ஆண்ட்ரோஜன் போதும், தாடிக்கு நிறைய வேண்டும். ஒவ்வொருவரின் மயிர்க்காலும் அந்த ஹார்மோனுக்கு எவ்வளவு இசைந்து கொடுக்கும் என்பது பரம்பரையைப் பொறுத்தது. இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் ஒரே ஹார்மோன் அளவு இருக்கலாம். ஒருவருக்குக் கையில் அடர்ந்த முடியும் இன்னொருவருக்குப் பூனைமுடியும் இருப்பது முற்றிலும் இயல்பு.

இந்த மாற்றம் எந்த வயதில் வருகிறது என்று கவனியுங்கள். தன்னை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற உணர்வு மிகக் கூர்மையாக இருக்கும் வயதில்தான் அது வருகிறது. வகுப்பில் ஒரு பெண்ணின் மேலுதட்டைப் பார்த்து யாரோ ‘மீசை’ என்று சிரித்துவிட்டால் போதும், உடலின் சாதாரண வளர்ச்சி அன்றிலிருந்து மறைக்க வேண்டிய குற்றமாகிவிடுகிறது. குழந்தைகள் இதை ஒருவருக்கொருவர் செய்யும்போது பெரியவர்கள் சிரித்துக் கடந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எடுக்கத் தொடங்கினால் அப்புறம் நிறுத்துவதும் எளிதில்லை. தலைமுடி பல ஆண்டுகள் தொடர்ந்து வளரும். கால் முடி சில மாதங்கள் வளர்ந்து, ஓய்வெடுத்து, உதிரும். எந்த நாளிலும் கால் மயிர்க்கால்களில் பெரும்பகுதி ஓய்வில்தான் இருக்கும். இன்று வேக்ஸ் செய்தால், ஓய்விலிருந்த இன்னொரு கூட்டம் அடுத்த வாரம் தலைகாட்டும். லேசர் சிகிச்சைக்குப் பல அமர்வுகள் தேவைப்படுவதும் இதனால்தான்: லேசர் ஒளியை முடியின் கருநிறமி உறிஞ்சி, அந்த வெப்பம் மயிர்க்காலைச் சிதைக்கிறது. வளரும் கட்டத்தில் இருக்கும் முடியில்தான் அது நன்றாக வேலை செய்யும்.

ஷேவ் செய்தால் முடி தடிமனாக வளரும் என்பதை நம்பாதவர்கள் குறைவு. 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் அளந்து பார்த்து, தடிமனோ வளரும் வேகமோ மாறவில்லை என்று எழுதினார். ரேசர் வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரற்ற பகுதியை. உயிருள்ள வேருக்குச் சேதி எதுவும் போவதில்லை. தானாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்திருக்கும், வெட்டிய முடியின் நுனி தட்டையாக இருக்கும். சீவிய பென்சிலின் கூர்முனையை ஒடித்தால் மிச்சம் தடிப்பாகத் தெரிவது மாதிரி, அந்தத் தட்டை நுனி கைக்குச் சொரசொரக்கிறது, கண்ணுக்குக் கருப்பாகத் தெரிகிறது. இயல்பான முடியை விட இந்தச் சொரசொரப்பு மோசமாகத் தெரிவதால், விட்டுவிட நினைப்பவரும் சில நாளில் ரேசரை எடுத்துவிடுகிறார்.

உடல் முடியை நீக்கும் பழக்கம் பல பழைய நாகரிகங்களில் இருந்திருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் செய்தே ஆகவேண்டும் என்ற இன்றைய வடிவத்துக்கு ஒரு நூற்றாண்டு வயதுதான். ஜில்லெட் நிறுவனம் 1915-இல் பெண்களுக்கென்று தனி ரேசரைக் கொண்டுவந்தது. கையில்லாத உடைகள் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த காலம் அது. அக்குள் முடியை அருவருப்பானதாகக் காட்டும் விளம்பரங்கள் பெண்கள் பத்திரிகைகளில் பெருகின. உடைகளின் உயரம் குறைந்ததும் கால் வெளியே தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் நைலான் காலுறைக்குத் தட்டுப்பாடு வந்ததும் வெறுங்காலோடு வெளியே வர வேண்டியதாயிற்று. உடலின் எந்தப் பகுதி வெளியே தெரிந்ததோ, அங்கிருந்த முடி அடுத்தடுத்துக் குறையாகிப்போனது.

அந்த அழுத்தம் எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு கொடுமையான சான்று உண்டு. 1920-களில் அமெரிக்க அழகு நிலையங்களில் முகத்து முடியை நீக்க எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சினார்கள். வலி கிடையாது, முடி உதிர்ந்துவிடும். ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கியது, ஆறாத புண்கள் வந்தன, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் ‘கோரெம்லு’ என்ற க்ரீம் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது தாலியம் அசிடேட். தாலியம் எலிப் பாஷாணமாகப் பயன்பட்ட உலோகம். பூசிய இடத்து முடி மட்டும் போகவில்லை. தலைமுடி கொட்டியது, நரம்புகள் பாதிக்கப்பட்டன, சிலர் பார்வை இழந்தார்கள். அழகுப் பொருட்களையும் அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்கு இப்படிப்பட்ட பொருட்களும் காரணம். இந்தப் பெண்களை அறியாமையில் சிக்கியவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. முகத்தில் முடியோடு வாழ்ந்தால் என்ன கிடைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சுத்தத்துக்காகத்தான் எடுக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். அக்குள் வாடைக்குக் காரணம், அங்குள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பியின் திரவத்தைப் பாக்டீரியாக்கள் சிதைப்பது. முடி இருந்தால் வாடை கொஞ்சம் தங்கலாம், ஆனால் கழுவினால் போகிற விஷயம் அது. கிருமி விஷயத்தில் மிகக் கறாராக இருக்கும் அறுவை சிகிச்சை அரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன் முடியை எடுக்கவே வேண்டாம், எடுத்தே ஆகவேண்டுமென்றால் க்ளிப்பரால் மட்டும் எடுங்கள், ஷேவ் செய்யாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவுறுத்தியது. ரேசர் தோலில் ஏற்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி நுழையும் என்பதுதான் கவலை. முடிக்கென்று வேலையும் உண்டு. 2011-இல் பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வில், முடி எடுக்காத கையில் மூட்டைப்பூச்சி ஊர்வதை மக்கள் சீக்கிரம் உணர்ந்தார்கள். பூச்சிக்கும் கடிக்க இடம் தேடக் கூடுதல் நேரம் ஆனது.

இனி மற்றவர்களின் பார்வைக்கு வருவோம். அமெரிக்காவில் உளவியலாளர் சூசன் பாசோவும் இன்னொருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், கால், அக்குள் முடியோடு இருக்கும் ஒரு பெண்ணின் வீடியோவைக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். அதே பெண்ணை முடி இல்லாமலும் எடுத்து வேறு மாணவர்களுக்குக் காட்டினார்கள். முடியோடு பார்த்தவர்கள் அவளைக் கவர்ச்சி குறைந்தவள் என்றதோடு நிற்கவில்லை. அறிவும் கலகலப்பும் மகிழ்ச்சியும் குறைந்தவளாக மதிப்பிட்டார்கள். சில மில்லிமீட்டர் முடியைப் பார்த்து ஒருத்தியின் குணத்தையே முடிவு செய்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை வாய்விட்டு யாரும் சொல்ல வேண்டியதில்லை, பார்வை போதும்.

அந்த அழுத்தத்தை உணராமலேயே இருக்க முடியும் என்பதைத்தான் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரியான் ஃபாஸ் காட்டினார். முடி வளர்ப்பதைக் கற்பனை செய்துபார்த்த பெண்களையும், உண்மையிலேயே வளர்த்துப் பார்த்த பெண்களையும் அவர் ஒப்பிட்டார். கற்பனை செய்தவர்கள், இது அவரவர் விருப்பம், வளர்த்தால் ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் பிடிக்கவில்லை என்றார்கள். சில வாரங்கள் வளர்த்தவர்களின் அனுபவம் வேறு. குடும்பத்தார் கோபித்துக்கொண்டார்கள், துணைவர்கள் அருவருப்பு காட்டினார்கள், இவர்களும் தங்கள் உடலையே அசிங்கமாக உணர்ந்தார்கள். தினமும் வரம்புக்குள் நடந்தவரைக்கும் வரம்பு இருப்பது கண்ணில் படவில்லை. தாண்டியபோதுதான் அது சுவராக இடித்தது. அதற்காக, முடியை எடுக்கிறவர் ஏமாந்தவர் என்று நான் சொல்லமாட்டேன். வழவழப்பான தோல் தரும் சுகம் நிஜம்தான். ஆனால் எடுக்காமல் இருந்தால் என்ன விலை என்று தெரியாதவரை, அது எவ்வளவு தூரம் விருப்பம் என்று அளக்க வழியில்லை.

எல்லோரும் எடுப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. பெண்ணின் இயல்பான கால் எப்படி இருக்கும், தாடை எப்படி இருக்கும் என்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் தனியாக நினைத்துக்கொள்கிறாள்.

மருத்துவத்தில் இது நேரடியாகத் தீங்கு செய்கிறது. தாடை, மேலுதடு, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி வளர்வது பெண்களில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு. மாதவிலக்குக் கோளாறு, குழந்தைப்பேற்றில் சிரமம், பிற்காலத்தில் சர்க்கரை நோய் ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. முகத்தில் தெரியும் முடி அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். திடீரென்று, வேகமாக முடி வளர்ந்து, குரலும் கனத்தால் இன்னும் சீக்கிரம் மருத்துவரிடம் போக வேண்டும். அரிதாக, ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கலாம். மருத்துவர்கள் உடலின் 9 இடங்களில் முடியின் அடர்த்தியைப் பார்த்து மதிப்பெண் போடும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் பெண்ணோ, பெரும்பாலும் காலையிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் போகிறாள். அதனால் அனுபவமுள்ள மருத்துவர், ‘வழக்கமா எங்கெங்கே எடுப்பீங்க, எத்தனை நாளைக்கு ஒரு தடவை?’ என்று தானாகவே கேட்பார். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.